வேலை நிலையில்லாத காலத்தில் ஓய்வுக்காலச் சேமிப்பு: நடுவழியில் உடைபடாமல் காப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படாத முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. 40 வயதைத் தாண்டிய மென்பொருள் ஊழியருக்கும் அடுத்த ஆண்டு இதே மேசை இருக்குமா என்பது தெரியாது. இவர்களிடம் போய் 58 வயதுக்கென்று பணத்தைப் பூட்டி வையுங்கள் என்றால், "அடுத்த வருஷமே என்ன ஆகும்னு தெரியல, இருபது வருஷம் கழிச்சு வர்ற பணத்துக்கு இப்ப எதுக்குங்க கவலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அதிக வருமானம் தரும் திட்டம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்பது. அது உதவாது. தனியார் துறையில் வேலை பார்ப்பவரின் ஓய்வுக்காலப் பணம் வட்டி குறைவால் கரைவதைவிட, நடுவழியில் உடைக்கப்பட்டுக் கரைவதே அதிகம். வேலை மாறும்போது பி.எஃப். (ஊழியர் வருங்கால வைப்பு நிதி) எடுக்கப்படுகிறது, தங்கை கல்யாணத்துக்கு எடுக்கப்படுகிறது, வீட்டுக்கு முன்பணம் கட்ட எடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் உண்மையான காரணம் இருக்கும். ஆகவே எதிர்காலம் தெரியாதபோது முதலில் யோசிக்க வேண்டியது, எந்த அடி விழுந்தாலும் கடைசிப் பணத்தில் கைவைக்காமல் தாங்குவதற்கு முன்னால் என்னென்ன தடுப்புகள் வேண்டும் என்பதைத்தான்.

ஒரு முறை உடைத்தால் எவ்வளவு போகிறது

32 வயதில் வேலை மாறும் ஒருவர் பி.எஃப். கணக்கிலிருந்து 3 லட்சம் ரூபாயை எடுத்துவிடுகிறார். அதே பணம் 8 சதவீத வட்டியில் 58 வயது வரை, அதாவது 26 ஆண்டு, கிடந்திருந்தால் ஏறக்குறைய 22 லட்சமாகியிருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்த 22 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய கணக்கில் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 22 லட்சம் என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது சரியல்ல. உண்மையான இழப்பு எடுத்த தொகையும் அதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அளவும் என்று கொள்ளலாம். மூன்று முறை வேலை மாறி மூன்று முறையும் எடுத்தவருக்கு 50 வயதில் கணக்கு ஏறக்குறையப் புதிதாகத் தொடங்குகிறது.

இத்தோடு இன்னொரு இழப்பும் உண்டு. அது பலர் கண்ணில் படுவதில்லை. நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பி.எஃப். கணக்குக்குப் போகாமல், 1995-இல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதில் மாத ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். பி.எஃப். எடுக்கும்போது கூடவே 10சி படிவத்தைப் போட்டு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துவிடும். 6 ஆண்டு ஓரிடம், 7 ஆண்டு இன்னோரிடம் என்று 13 ஆண்டு வேலை பார்த்தவர், நடுவில் ஒரு தடவை எடுத்த காரணத்தால் ஓய்வூதியத் தகுதியே இல்லாமல் நிற்பது இப்படித்தான். மறுபடி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். ஆண்டுகள் அப்படியே காப்பாற்றப்படும்.

5 ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுக்கும் பி.எஃப். பணத்துக்கு வருமான வரியும் உண்டு. பழைய நிறுவனத்துப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால் இரண்டு இடத்து ஆண்டுகளும் சேர்த்தே எண்ணப்படும். மாற்றம் தடைபடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். பதிவில் வேறு எழுத்து; அல்லது பழைய நிறுவனம் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாதது. கடைசிச் சந்தா போன இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தத் தேதியை ஊழியரே ஆதார் ஓ.டி.பி. மூலம் இணையதளத்தில் பதியலாம். நிறுவனம் மூடப்பட்ட பின் கையெழுத்துக்கு அலைவது பெரும் பாடு. ஆகவே ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திவிடுவது நல்லது.

பி.எஃப். மட்டும் ஏன் போதாது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். "எனக்குப் பி.எஃப். பிடிக்கிறார்கள்" என்ற நிம்மதியில் பலர் 25 ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள்.

சட்டப்படி பி.எஃப். பிடிக்க வேண்டிய சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய். உண்மையான சம்பளம் 40,000 ஆக இருந்தாலும் பல நிறுவனங்கள் இந்த 15,000-க்கு மட்டுமே கட்டுகின்றன. அப்போது ஊழியர் பங்கு 1,800. நிறுவனத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, 550 மட்டும் கணக்கில் ஏறும். ஆக மாதம் 2,350 ரூபாய். உச்சவரம்பு மாறாமல், இதே தொகை 30 ஆண்டு 8 சதவீதத்தில் சேர்ந்தால் கையில் வருவது சுமார் 33 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. 6 சதவீத விலையேற்றத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பில் அது 6 லட்சம்கூட இல்லை. மாதம் 20,000 செலவாகும் குடும்பத்துக்கு இரண்டரை ஆண்டுகூட வராது.

ஓய்வூதியப் பங்கின் சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சராசரி ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்க்கப்படும். 30 ஆண்டு பணிக்கு, 15,000 உச்சவரம்பில், 15,000 × 32 ÷ 70, அதாவது மாதம் 6,857 ரூபாய். இதற்கு அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் வந்த தொகையே 80 வயதிலும் வரும். 50 வயதிலிருந்து முன்கூட்டியும் வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் ஆயுள் முழுக்கக் குறைந்துவிடும். 51 வயதில் வேலை போனவர் அவசரத்தில் இதைத் தொடங்கிவிட்டால் பின்னால் திரும்ப வழியில்லை. மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். 2014 செப்டம்பருக்குப் பின் 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகப் பி.எஃப்.பில் சேர்ந்தவர்களுக்கு இந்த ஓய்வூதியமே இல்லை. அவர்களுக்கு நிறுவனப் பங்கு முழுவதும் கணக்கில் ஏறும். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி பூஜ்யமா, 1,250-ஆ என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறையை ஈடுகட்ட இருக்கும் வழிகளில் விருப்பப் பி.எஃப். எளிமையானது. நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் 12 சதவீதத்துக்கு மேலும் பிடிப்பார்கள். அதற்கும் அதே வட்டிதான், 2023-24-இலும் 2024-25-இலும் 8.25 சதவீதம். பல நிறுவனங்கள் ஏப்ரலில் மட்டுமே இந்த மாற்றத்தை ஏற்கும் என்பதால் மார்ச்சிலேயே கேட்டு வைக்க வேண்டும். ஊழியர் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு.

தெரியாதவை ஒரே வகையானவை அல்ல

எதிர்காலம் நிச்சயமில்லை என்ற ஒரே சொல்லுக்குள் பல தனித்தனி அபாயங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

எவ்வளவு காலம் வாழ்வோம் என்பது முதல் தெரியாமை. கணக்குப் போடும்போது பெரும்பாலோர் கணவரின் ஆயுளை மட்டும் நினைக்கிறார்கள். மனைவி 5 வயது இளையவர் என்றால், பணம் அவருடைய 90 வயது வரை வர வேண்டும். கணவர் 60-இல் ஓய்வு பெற்றால் அது 35 ஆண்டுக் கணக்கு.

அடுத்தது விலைவாசி. 6 சதவீதத்தில் 12 ஆண்டுக்கொருமுறை செலவு இரட்டிப்பாகும். இன்று 30,000-இல் நடக்கும் குடும்பத்துக்கு 12 ஆண்டில் 60,000, 24 ஆண்டில் 1,20,000. வங்கி டெபாசிட் வட்டியை மட்டும் நம்பியவர்கள் 60 வயதில் வசதியாகவும் 75 வயதில் நெருக்கடியிலும் இருப்பதன் காரணம் இதுவே.

வட்டி விகிதம் மூன்றாவது. 1986 முதல் 2000 தொடக்கம் வரை பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி 12 சதவீதம். அந்தக் காலத்தில் ஓய்வு பெற்றவர்கள் 10 லட்சம் இருந்தால் மாதம் 10,000 வரும், அசலைத் தொடவே வேண்டாம் என்று கணக்கிட்டார்கள். தவறில்லாத கணக்குதான், ஆனால் 2003-க்குள் அது 8 சதவீதமாகிவிட்டது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்கும் நாளில்தான் அந்த அடி தெரிந்தது. இன்றைய விகிதத்தை 30 ஆண்டுக்கு நீட்டிக் கணக்கிடுபவர் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

பங்குச் சந்தையில் இருக்கும் பணத்துக்கு வேறொரு அபாயம் உண்டு: இறக்கம் எப்போது வருகிறது என்பது. 50 லட்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 4 லட்சம் எடுப்பவரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 30 சதவீத இறக்கம், அடுத்து 15 சதவீத ஏற்றம், பிறகு 25 சதவீத ஏற்றம் என்றால் மூன்றாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 35.5 லட்சம். அதே மூன்று எண்களும் தலைகீழாக, 25, 15, பிறகு 30 சதவீத இறக்கம் என வந்தால் மிஞ்சுவது 40.3 லட்சம். பணம் எடுக்காதவருக்கு இரண்டு வரிசையிலும் ஒரே தொகைதான், 50.3 லட்சம். சம்பாதிக்கும் காலத்தில் இறக்கம் பெரிதாக வலிக்காது. எடுத்துச் செலவழிக்கும் காலத்தின் முதல் சில ஆண்டுகளில் வந்தால் அதிலிருந்து மீள்வது கடினம். 2008-இல் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் இழந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஓய்வு பெற்று எல்லாவற்றையும் பங்கு நிதியில் வைத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள்.

விதிகளும் மாறும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு ஊழியரல்லாதவர் முதிர்வுத் தொகையில் 40 சதவீதத்துக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வாங்க வேண்டும் என்றிருந்தது, 2025 டிசம்பரில் 20 சதவீதமானது. பி.எஃப்.பில், சந்தாவில் 25 சதவீதத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் அதை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஒரே திட்டத்தில் எல்லாவற்றையும் போடாமல் இரண்டு மூன்றில் பிரித்து வைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

முன்னால் நிற்க வேண்டிய தடுப்புகள்

கடைசிப் பணத்தைக் காப்பது அதற்கு முன்னால் இருக்கும் பணமே. அதில் முதலாவது, வேலை போனால் குடும்பம் நடத்த உதவும் கைப்பணம். ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். 45 வயதைத் தாண்டியவருக்கும், ஒரே தொழிலை நம்பிய ஊரில் இருப்பவருக்கும் அது போதாது. ஓர் ஆண்டு வேண்டும். இதில் முழுச் செலவையும் எண்ண வேண்டியதில்லை. வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை, மளிகை, பால், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், மருந்து, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை போதும். 40,000 செலவழிக்கும் குடும்பத்தில் இந்தத் தவிர்க்க முடியாத பகுதி 27,000, 28,000 இருக்கலாம்.

இதை ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். 2.5 லட்சத்தை ஒரே ரசீதாக வைத்தால் 30,000 தேவைப்படும்போது முழுவதையும் உடைக்க வேண்டும். 50,000 வீதம் ஐந்தாக வைத்தால் ஒன்று மட்டும் உடையும், மற்ற நான்குக்கும் வட்டி ஓடும். கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுப் பெயரில் இருக்கட்டும். சம்பாதிப்பவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது தடுப்பு மருத்துவக் காப்பீடு. நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். வேலை போவதும் நீரிழிவு, ரத்த அழுத்தம் வருவதும் ஏறக்குறைய ஒரே வயதில் நடக்கின்றன என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே 45 வயதுக்குள் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து, குழுக் காப்பீடு இருக்கும்போதே அந்தக் காத்திருப்புக் காலத்தைக் கழித்துவிட வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று நோயை மறைத்து எழுதினால், தேவைப்படும் நாளில் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். தொடர்ந்து 5 ஆண்டு பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது. ஆனாலும் அந்த 5 ஆண்டுகளை நம்பிப் பொய் எழுதுவது பெரிய சூதாட்டம். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. அந்த அட்டையை நோய் வந்த பிறகு தேடாமல் முன்பே வாங்கி வைப்பது மேல்.

மூன்றாவது கடன். 58 வயதைத் தாண்டி ஓடும் வீட்டுக்கடன் ஓய்வுக்காலத் திட்டத்தையே தின்றுவிடும். வட்டி கூடும்போது வங்கிகள் தவணைத் தொகையைக் கூட்டாமல் காலத்தை நீட்டுவது வழக்கம்; 55-இல் முடிய வேண்டிய கடன் 61 வரை போயிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்டுக்கொருமுறை வங்கியில் மீதித் தவணை எத்தனை என்று கேளுங்கள்.

பூட்டி வைக்கும் பணம்

இவை மூன்றும் ஓரளவு நின்ற பிறகு பூட்டி வைப்பதற்குத் தயக்கம் வேண்டாம். பி.பி.எஃப். 15 ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் மாத முடிவுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. மொத்தமாகப் போட முடிந்தவர் ஏப்ரல் 5-க்குள் போட வேண்டும். வரிக் கணக்குக்காக மார்ச் கடைசியில் போடுபவர் ஓராண்டு வட்டியை ஒவ்வோர் ஆண்டும் இழக்கிறார். 15 ஆண்டு முடிந்தபின் தொடர்ந்து பணம் போட்டு 5 ஆண்டு நீட்டிக்க வேண்டுமானால் ஓராண்டுக்குள் அதற்கான படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இருப்புக்கு வட்டி வரும், புதிதாகப் போட முடியாது. இந்தக் கணக்கைக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்பது சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முக்கியமான பாதுகாப்பு.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு, கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தனியாகத் தொழில் செய்யும் தையல்காரருக்கும், மாதம் இவ்வளவு என்ற திட்டம் மூன்றாம் மாதமே முறிந்துவிடும். வரும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கை வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றுவது நிலைக்கும். பி.பி.எஃப்., தேசிய ஓய்வூதியத் திட்டம் இரண்டிலும் மாதத் தவணைக் கட்டாயம் இல்லை. முன்னதில் ஆண்டுக்கு 500, பின்னதில் 1,000 போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வியாபாரம் பார்ப்பவர் அப்போது மொத்தமாகப் போடலாம். வருமான வரி கட்டாதவர்களுக்கு 40 வயதுக்குள் அடல் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது: 60 வயதில் மாதம் 5,000 வேண்டுமென்றால் 25 வயதில் சேர்பவருக்கு மாதம் 376 ரூபாய், 35-இல் சேர்பவருக்கு 902, 40-இல் 1,454. அதுவும் விலைவாசியோடு ஏறாத 5,000 என்பதால் அதை மட்டுமே நம்ப முடியாது.

விலையேற்றத்தை முந்துவதற்குப் பங்குகளில் ஒரு பங்கு இருந்தே ஆக வேண்டும். 15 ஆண்டுக்கு மேல் கைவைக்கத் தேவையில்லாத பணத்துக்குச் செலவு விகிதம் குறைந்த குறியீட்டு நிதி (நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் நிதி) ஒன்றில் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போதும். சந்தை விழும் மாதத்தில் நிறுத்தாமல் இருப்பவருக்குத்தான் இது பலன் தரும். முன்னே சொன்ன கைப்பணம் இல்லாதவர், வேலை போன மாதத்தில் விழுந்த விலைக்கே விற்கிறார். வேலையிழப்பும் சந்தை வீழ்ச்சியும் சேர்ந்தே வருவது அடிக்கடி நடப்பது.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை இன்றைய ரூபாயில் போடுவது நல்லது. வீட்டுச் செலவு மாதம் 30,000, ஓய்வுக்காலம் 25 ஆண்டு, விலையேற்றத்தை மட்டும் ஈடுகட்டும் வருமானம் என்று வைத்தால் 90 லட்சம் தேவை. 40 வயதில் இதைப் பார்ப்பவர் மலைத்துப்போய்த் திட்டத்தையே கைவிடுவார். அதைவிட, சோறு, மருந்து, மின்சாரம், வீட்டு வரி என்ற அடித்தளச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். சொந்த வீட்டில் இருக்கும் இருவருக்கு 15,000 என்றால் 45 லட்சம். அந்த அடித்தளத்தை முதலில் உறுதியாக்கிவிட்டு மீதியைச் சந்தை தருவதைப் பொறுத்து முடிவுசெய்யலாம். இதுவும் எட்டாதவர்களுக்கு உள்ள வலுவான நெம்புகோல், மூன்று ஆண்டு கூடுதலாக ஏதாவது சம்பாதிப்பது. முழுச் சம்பளம் வேண்டியதில்லை. அன்றாடச் செலவுக்கு வந்தாலே சேர்த்தது மூன்று ஆண்டு வளரும், செலவழிக்கும் ஆண்டுகளும் மூன்று குறையும்.

எங்கே சறுக்குகிறது

சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிகள் இங்கே அதிகப் பணத்தை முடக்குகின்றன. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 20 ஆண்டு கட்டினால் முடிவில் 35 லட்சம் என்று காட்டினால் லாபமாகத் தெரியும். உண்மையில் அது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே பணம் 7.1 சதவீதத்தில் 44 லட்சத்தைத் தாண்டும். கட்ட முடியாமல் மூன்றாம் நான்காம் ஆண்டில் நிறுத்தினால் கட்டியதே முழுதாகத் திரும்பாது. வேலை நிலையில்லாதவருக்கு 20 ஆண்டு கட்டாயப் பிரீமியம் பொருத்தமே இல்லாத ஒப்பந்தம். உயிர்க் காப்பீடு வேண்டுமென்றால் டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) தனியாக எடுக்கலாம்.

ஊரில் ஒரு மனை வாங்கிப் போடுவது நம் பழக்கம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தாலும், மாத மருந்துச் செலவுக்கு மனையின் ஒரு மூலையை விற்க முடியாது. நகையில் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே போய்விடும். தங்கம் வேண்டுமென்று நினைப்பவர் நாணயமாகவோ தங்க நிதியாகவோ ஓரளவு வைப்பது போதும். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு நிதி நிறுவனங்களில் ஓய்வுப் பணத்தைப் போட்டு இழந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை அரசு 1997-இல் கொண்டுவந்ததே அதனால்தான். அந்தச் சட்டத்தில் சொத்தை முடக்கலாம், ஆனால் ஏலம் விட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் முதியவர்களின் காலமே கடந்துவிடுகிறது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களுக்கும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது.

பணம் கைக்கு வந்தபின்

60 வயதானவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அடித்தளமாக உதவும். ஒருவருக்கு 30 லட்சம் வரை; 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய். 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவரும், ஓய்வுப் பணம் வந்த 3 மாதத்துக்குள் சேரலாம். சேரும் நாளின் வட்டி 5 ஆண்டுக்கு மாறாது. ஆகவே முழுத் தொகையையும் ஒரே நாளில் போடாமல் ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம் மூன்று ஆண்டில் போட்டால், வட்டி தாழ்ந்த ஒரே ஆண்டில் எல்லாம் முதிர்ந்து மாட்டிக்கொள்ளும் அபாயம் குறையும்.

பங்கு நிதியில் இருப்பதில் அடுத்த 4, 5 ஆண்டுச் செலவுக்கானதை ஓய்வுக்கு முன்பே படிப்படியாக டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டும். 55 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு பங்கு என்று மாற்றினால் முன்னே பார்த்த முதலாண்டு வீழ்ச்சி அடித்தாலும் விழுந்த விலைக்கு விற்க வேண்டியிருக்காது. வாழ்நாள் ஓய்வூதியப் பாலிசி வாங்கும் எண்ணமிருந்தால் 60-இல் அவசரப்படாமல் 65, 70-இல் ஒரு பகுதிக்கு வாங்குங்கள். வயது ஏற ஏற அதே தொகைக்கு மாத வருமானம் கூடும். கணவனுக்குப் பின் மனைவிக்கும் தொடரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டை உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதும் வழக்கத்தில் மிகுந்த கவனம் தேவை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை தெளிவாக எழுதப்படாவிட்டால் வழக்கு இழுக்கும். உயில் எழுதி வைப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு கடைசி வரை அவர்கள் பெயரிலேயே இருக்கும்.

கடைசியாக நியமனதாரர் விஷயம். திருமணத்துக்கு முன் பி.எஃப்.பில் கொடுத்த நியமனம் திருமணமானவுடன் செல்லாததாகிவிடும். புதிதாகப் பதிய வேண்டும். பணியில் இருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை தரும் வைப்புடன் இணைந்த காப்பீட்டுத் தொகையும் அந்த நியமனத்தைப் பார்த்தே வரும். யு.ஏ.என். எண், பி.பி.எஃப். பாஸ்புக், காப்பீட்டு எண்கள், டெபாசிட் ரசீதுகள், எந்த நிதியில் எவ்வளவு என்ற பட்டியல், உயில் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மனைவியிடமோ கணவரிடமோ காட்டிவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை, ஏப்ரலில் பி.பி.எஃப். போடும் அதே வாரத்தில், இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினால் போதும்.